காசியில் வாங்கிய பாங் உருண்டையும் சென்னை ரயிலும்

காசி வீதிகளில் அரசு உரிமத்துடன், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடைகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. தண்டாய் என்ற மசாலாப் பாலில் கலந்து குடிப்பவரை அங்கே யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதைக் கண்ட தைரியத்தில் ஊரில் உள்ளவர்களுக்கும் இரண்டு உருண்டை இருக்கட்டும் என்று பையில் போட்டுக்கொள்வதுதான் யாத்திரை போகிறவர்கள் செய்யும் தவறு.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூத்த, காய்த்த நுனிகளையும் பிசினையும் தடைசெய்கிறது. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்பதால் பாங் தப்பிக்கிறது. ஆனால் அந்த இலையை அனுமதிப்பதா, தடுப்பதா என்பது மாநிலங்களின் கையில் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் கடைக்கு உரிமம் தருகிறது. மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி பாங் வைத்திருப்பதே குற்றம். தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் கஞ்சா இலையை விட்டுவைக்கவில்லை. காசியிலிருந்து நாக்பூர் வழியாகச் சென்னை வரும் ரயிலில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே சட்டம் மாறிவிடுகிறது. போதாததற்கு, உருண்டையில் அரைபட்டது வெறும் இலையா, பூவும் சேர்ந்ததா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை அலைச்சல் உங்களுக்குத்தான்.

கஞ்சா என்றே ஆகிவிட்டால், ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சு எடுபடாது. சட்டம் ‘சிறிய அளவு’ என்று சொல்லும் ஒரு கிலோ வரை இருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் குறைந்தபட்சமே பத்தாண்டு. ஜாமீனும் எளிதில் கிடைக்காது. பிசினான சரஸுக்குச் சிறிய அளவு என்பது 100 கிராம்தான். கலப்படப் பொருளில் போதை இல்லாத பகுதியின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சரஸ் கலந்த பிஸ்கட்டைக் கொண்டுவருகிறவர், மாவும் சர்க்கரையும் தராசில் ஏறும் என்பதை நினைத்துப்பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட மோசமானது, அடுத்தவர் பையைச் சுமப்பது. ஒடிசா, ஆந்திர மலைப்பகுதிகளிலிருந்து கடற்கரையோர ரயில் பாதை வழியாகத் தெற்கே கஞ்சா வருவது ஊரறிந்த செய்தி. ‘சென்ட்ரலில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், டிக்கெட் செலவு எங்களுடையது’ என்று நீட்டப்படும் பையை இளைஞர்கள் சிலர் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். பை உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் கருதும். தெரியாது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். மற்ற குற்ற வழக்குகளில் இந்தச் சுமை அரசுத் தரப்பின் தலையில் இருக்கும்.

மாஜிஸ்திரேட் முன்புதான் சோதனை போட வேண்டும் என்று வாதாடுவோரும் உண்டு. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையைக் கேட்கும் உரிமை உடல் சோதனைக்கானது. பைக்கு அது பொருந்தாது. 2019 முதல் ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் இச்சட்டப்படி சோதனையிடவும் கைதுசெய்யவும் அதிகாரம் உண்டு.

விஜயா என்ற பெயரில் கஞ்சா இலை சேர்ந்த ஆயுர்வேத மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரின் சீட்டு, கடை ரசீது, முத்திரை உடையாத புட்டி மூன்றையும் சேர்த்தே வையுங்கள். உங்கள் இருக்கைக்கு அடியில் உரியவர் இல்லாத பை கிடந்தால் அதைத் தொடாதீர்கள். ரயில்வே உதவி எண்ணான 139-ஐ அழைத்து ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண்ணைச் சொல்லுங்கள்.