டேக்ஸ் கோப்பைப் படித்து எடிட்டரில் ஃபங்ஷன் பட்டியல் அமைப்பது எப்படி?

ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்டத்துக்கு, பழம் பறிக்கும் கூலியைக் கணக்கிட பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். நாலைந்து கோப்புகளாக வளர்ந்ததும், எந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று தேடவே நேரம் போனது. அதற்காகத்தான் எடிட்டரின் ஓரத்தில் ஒரு பட்டியல் செய்தேன்; பெயரைத் தொட்டால் அந்த வரிக்குப் போகும். நிரலை அலசி, எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று குறித்துத் தரும் வேலையை யுனிவர்சல் சிடேக்ஸ் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். அது எழுதித் தரும் டேக்ஸ் கோப்பைப் படிப்பது மட்டுமே நம் வேலை.

முதலில், நிரல் இருக்கும் ஃபோல்டரில் சிடேக்ஸை ‘-ஆர் --ஃபீல்ட்ஸ்=+என்’ சேர்த்து ஓட்டுங்கள் (ஆர் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து). உள் ஃபோல்டர்களும் அலசப்படும், வரி எண்ணும் கிடைக்கும். ‘டேக்ஸ்’ என்ற கோப்பு உருவாகும். அதைத் திறந்தால் இப்படி வரிகள் இருக்கும் (→ என்பது டேப், ஆங்கில எழுத்துகளைத் தமிழில் தந்திருக்கிறேன்):

எடைக்கூலி→பறிப்பு.பிஒய்→/^    டெஃப் எடைக்கூலி(செல்ஃப், கிலோ):$/;"→எம்→லைன்:12→கிளாஸ்:தோட்டம்

பெயர், கோப்பு, தேடும் வரி, வகை, வரி எண், எந்த கிளாஸுக்குள் இருக்கிறது என்ற விவரம். ‘!_’ என்று தொடங்கும் வரிகள் கோப்பைப் பற்றிய குறிப்புகள், இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள்.

அடுத்து வரியைப் பிரிக்க வேண்டும். எல்லா டேப்பிலும் வெட்டாதீர்கள். நான் அப்படித்தான் வெட்டினேன். டேப் வைத்து எழுதிய கோப்புகளில் தேடும் வரிக்குள்ளேயே டேப் இருந்ததால் எல்லாம் குழம்பியது. முதல் இரண்டு டேப்பில் மட்டும் வெட்டுங்கள். அப்புறம் தொடக்கச் சாய்கோட்டிலிருந்து (/) ஒவ்வோர் எழுத்தாக நகருங்கள். பின்சாய்கோடு (\) வந்தால் அதை நீக்கி, அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வரும் சாய்கோடுதான் முடிவு. அதற்குப் பிறகு வரும் ;" தாண்டி மீதியை டேப்பில் வெட்டலாம்.

வரி எண் இருக்கும்போது தேடும் வரி எதற்கு? சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ‘ஏழாவது வளைவில் இறங்கு’ என்று ஒருவரிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். அடிவாரத்தில் புதிதாக ஒரு வளைவு வெட்டிவிட்டால் அவர் தவறான இடத்தில் இறங்குவார். ‘பலாமரத்தடியில் இறங்கு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. நிரலிலும் மேலே பத்து வரி சேர்த்தால் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும், வரியின் எழுத்து மாறாது. ஆனால் ஒரே வரி இரண்டு கிளாஸில் இருக்கலாம். அப்போது பொருந்துகிறவற்றில் வரி எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

தேடும் வரியை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உள்ள தேடல் வடிவமாக, ஓட்ட வேண்டாம். அடைப்புக்குறியிலேயே தடுக்கி விழும். வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ^, $ இரண்டையும் கழற்றிவிட்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நீளமான வரிகளை சிடேக்ஸ் பாதியில் வெட்டிவிடும். இயல்பான எல்லை 96 எழுத்து. அப்படி வெட்டிய வரியின் கடைசியில் $ இருக்காது. அங்கே தொடக்கம் மட்டும் பொருந்தினால் சரி.

டேக்ஸ் கோப்பு வழக்கமாகப் பெயர் வரிசையில் இருக்கும். பட்டியலுக்கு அதைக் கோப்புவாரியாகப் பிரித்து, வரி எண்படி அடுக்குங்கள். ‘கிளாஸ்:’ உள்ளவற்றை அந்த கிளாஸின் கீழே உள்தள்ளிக் காட்டுங்கள்.

சரி, இப்போது ‘பறிப்பு.பிஒய்’ கோப்பின் தலையில் பத்து வெற்று வரிகளைச் சேர்த்துவிட்டு, சிடேக்ஸை மறுபடி ஓட்டாமலே ‘எடைக்கூலி’யைத் தொட்டுப் பாருங்கள். கர்சர் 22ஆவது வரியில் போய் நிற்க வேண்டும்.