படம் நிஜம்தான், ஊரும் தேதியும் நிஜமா?

தேர்தல் நெருங்கினாலோ மழை பிடித்தாலோ கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குரூப்புகளில் படங்கள் கொட்ட ஆரம்பித்துவிடும். மஞ்சக்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர், புதுச்சேரியில் தடியடி, யாரோ ஒரு தலைவர் சொன்னதாக நியூஸ் கார்டு. உண்மையா என்று பார்க்க உட்காருபவர்களில் பலர் இது ஒட்டுவேலையா, ஏஐ செய்ததா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். அரசியலில் ஏமாற்றுவதற்கு அவ்வளவு மெனக்கெடத் தேவையே இல்லை, நிஜமான படத்தை எடுத்து அதன் மேல் பொய்யாக இரண்டு வரி எழுதினால் போதும்.

2023 மார்ச்சில் நடந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவி, இங்கே வேலை செய்தவர்கள் பயந்துபோய், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்தது. அதில் ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு தரப்பாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. அடிதடி நடந்தது நிஜம். யார் யாரை அடித்தார்கள் என்று எழுதியதுதான் பொய்.

அதனால் படம் வந்ததும் கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, முதலில் போட்டது யார்?

தேதிக்குச் சுலபமான வழி கூகுள் லென்ஸ். படத்தை அதில் போட்டுத் தேடுங்கள், மேலே ஒட்டியிருக்கும் எழுத்தையும் லோகோவையும் வெட்டிவிட்டு இன்னொரு முறை தேடுங்கள். வருகிற முடிவுகளில் எது ரொம்பப் பழையது என்று பாருங்கள். 2015 வெள்ளப் படமோ 2011 தானே புயல் படமோ என்றால் பழைய செய்திப் பக்கம் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். வீடியோவாக இருந்தால் கடை போர்டு, வண்டி, முகம் தெளிவாகத் தெரிகிற இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். லென்ஸில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகப் புதுப் படம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, இடம் பற்றிய உள்விவரம் அழிந்துவிடும், ஆகவே போன் காட்டுகிற தேதி உங்களுக்கு வந்து சேர்ந்த தேதிதான்.

ஊரைக் கண்டுபிடிப்பதில் வெளியூர்க்காரரைவிட நமக்கு வசதி அதிகம். வண்டி எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், கடலூர் என்றால் டிஎன் 31, புதுச்சேரி என்றால் பிஒய் 01 நிறையத் தெரிய வேண்டும். புதுச்சேரிக் காவலர்களின் சிவப்புத் தொப்பியை வேறு ஊர்த் தொப்பியோடு குழப்பிக்கொள்ள முடியாது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் என்று சொல்லிக் கடலுக்குள் சூரியன் மறைகிற படம் வந்தால் மேலே பார்க்கவே வேண்டாம், நம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆனால் புதுச்சேரி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கேரளக் கரையில் இருக்கும் மாஹேயும், 800 கிலோமீட்டருக்கு அப்பால் ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமும் புதுச்சேரிதான். ஜூலை, ஆகஸ்டில் கோதாவரி பெருகி ஏனாமில் தண்ணீர் புகுந்தால் அதைப் ‘புதுச்சேரியில் வெள்ளம்’ என்று போடலாம், பொய் என்று சொல்லவும் முடியாது, புதுச்சேரி பக்கத்துப் பாகூரில் இருப்பவருக்கோ வயிற்றைக் கலக்கும். நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் என்பதை நினைவில் வைத்தால் பாதி குழப்பம் தீரும்.

இன்னொன்று, இது எந்த அரசின் அறிவிப்பு என்று பாருங்கள். பள்ளி விடுமுறையோ, உதவித்தொகையோ, கடலூருக்குச் சொன்னது எல்லை தாண்டினால் செல்லாது. கார்டில் ‘அரசு அறிவிப்பு’ என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்பட அதுவே போதுமான காரணம். சாத்தனூர் அணை திறப்பு மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட செய்தியை குரூப்பில் கேட்டுக்கொண்டு உட்காராமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்கு, போன் போடுங்கள்.

நியூஸ் கார்டுகள்தான் இப்போது பெரிய தலைவலி. ஒரு சேனலின் லோகோ, நிறம், எழுத்து எல்லாவற்றையும் யாரும் பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பார்கள், நிஜக் கார்டிலும் பிழை வருகிறது, அந்த அளவுகோலை நம்பாதீர்கள். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் கார்டில் இருக்கும் தேதிக்கு இறங்கிப் பாருங்கள். அங்கே இல்லை, வேறு எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்றால் அனுப்பாதீர்கள். பேச்சு வீடியோ என்றால் முழுப் பேச்சைத் தேடி, வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிஷம் கேளுங்கள். எதிர்க்கட்சி சொன்ன குற்றச்சாட்டை ஒருவர் மேடையில் எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பார், மறுப்பை வெட்டிவிட்டால் அவரே சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்த வேலையை எல்லாக் கட்சி ஆதரவாளர்களும் செய்கிறார்கள், இது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற விஷயம்.

கட்சிப் பத்திரிகை என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. முரசொலி திமுகவுடையது, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியுடையது என்று ஊருக்கே தெரியும், அந்தக் கட்சியின் நிலைப்பாடு என்ன என்பதற்கு அவை நல்ல ஆதாரம், எதிர்க்கட்சியைப் பற்றி எழுதுவதை மட்டும் வேறு இடத்திலும் பாருங்கள். முகம் தெரியாத பேஸ்புக் பக்கங்கள்தான் ஆபத்து. பக்கத்தின் வெளிப்படைத்தன்மை என்ற பகுதியில் எப்போது தொடங்கினார்கள், முன்பு என்ன பெயர், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்று இருக்கும். சினிமா ரசிகர் பக்கமாக இருந்து தேர்தல் மாதத்தில் ‘மக்கள் குரல்’ ஆகிவிட்ட பக்கத்தை எதற்கு நம்ப வேண்டும்?

ஏஐ படத்தில் கடை போர்டின் தமிழ் எழுத்துகள் பல நேரம் குழம்பியிருக்கும், அதைப் பாருங்கள், ஆனால் நாளுக்கு நாள் அதுவும் சரியாகிக்கொண்டு வருகிறது. ஆடியோ என்றால் குரல் நிஜமா என்று காதால் கேட்டு முடிவு செய்யவே முடியாது. சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று வரும் வரை பொறுங்கள்.

உங்களுக்குப் பிடிக்காத கட்சியைத் திட்டி வருகிற படத்தைத்தான் இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பார்க்காமல் அனுப்புவீர்கள்.

பொய் என்று தெரிந்த பிறகு குரூப்பில் பெரியவர்களை மட்டம் தட்டாதீர்கள். அந்த மெசேஜுக்கே பதிலாக ‘சித்தப்பா, இது 2015 படம், பழைய செய்தி இதோ’ என்று ஸ்கிரீன்ஷாட்டோடு போட்டால் அவரே அழித்துவிடுவார். தேர்தல் நேரத்தில் பணம் கொடுப்பதையோ வேறு நடத்தை விதி மீறலையோ நேரில் பார்த்தால் குரூப்பில் போடுவதைவிடத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்புங்கள். கேலரியில் கிடக்கும் பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது, அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும், இடமும் கூடவே பதிவாகிவிடும்.