குறும்படத்துக்கு ஒலி அடுக்குறது எப்படி? ஒரு கிணத்தடிக் காட்சியை வைச்சுப் பார்ப்பம்

“படம் வடிவா வந்திருக்கு, ஆனா சினிமா மாதிரி இல்லை” எண்டு ஆராவது சொன்னால், அநேகமாக் குறை கமராவில இருக்காது. திரையில நாங்கள் கேக்கிற கனக்கச் சத்தம் படம் பிடிக்கேக்க பதிஞ்சதே இல்லை. வசனம், இடத்தின்ர ஒலி, காலடியும் பாத்திரமும், எஃபெக்ட்ஸ், இசை எண்டு தனித்தனியாச் செய்து கடைசியிலதான் கலக்கிறது. போனும் லப்டொப்பும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

உதாரணத்துக்கு ஒரு காட்சி. அம்மா கிணத்தடியில தண்ணி அள்ளுறா. மகன் வந்து, விசா கிடைச்சிட்டுது எண்டு சொல்லுறான். அவ்வளவுதான்.

சொஃப்ட்வெயாருக்கு என்ர தெரிவு டாவின்சி ரிசோல்வ். இலவசப் பதிப்பிலயே ஃபெயார்லைட் எண்ட ஒலிப்பக்கம் இருக்கு. படத்தையும் சத்தத்தையும் ஒரே இடத்தில பார்க்கலாம். ஓடாசிட்டி நல்ல சாமான், ஆனா துண்டுச் சத்தங்களைத் துப்புரவாக்க மட்டும். முழுக் காட்சியையும் அதில கட்ட வெளிக்கிடாதேங்கோ. ப்ரொஜெக்டின்ர சாம்பிள் ரேட்டை (ஒரு செக்கனுக்குச் சத்தத்தை எத்தனை தரம் அளக்கிறது எண்ட கணக்கு) 48 கிலோஹேர்ட்ஸில வைச்சுத் திறவுங்கோ, 44.1 சிடிக்கு உரியது. க்ளிப் வெட்டுறது, ட்ராக் சேர்க்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சு மேலே போறன்.

படி 1: வசனம்

மைக் வாய்க்குக் கிட்ட இருக்க வேணும். கமராவில பூட்டின மைக்கை நம்பாதேங்கோ. வெளியில தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபெல் விழும், பின்னால இருக்கிற காகத்தின்ர சத்தம் விழாது. இரண்டாவது போன் ஒண்டைப் பதிய விட்டு, கம்பி மைக்கை அம்மாவின்ர சட்டை ஓரத்தில மறைச்சால் போதும். பதியிற மீற்றரில (0 தாண்டினால் சத்தம் உடையும்) உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில நிக்கட்டும்.

அடுத்தது, கதைக்கேக்க கப்பியைச் சுத்த விடாதேங்கோ. வாளி சும்மா கையில இருக்கட்டும். வசனத்தோட ஒட்டிப் பதிஞ்ச கப்பிச் சத்தத்தைப் பிரிச்செடுக்கிறது பெரும்பாடு. பிறகு சேர்க்கிறது சுகம்.

படி 2: ஒருத்தரும் கதைக்காத ஒரு நிமிடம்

எல்லாரும் தாண்டிப் போறது இந்தப் படியைத்தான். அதால இதில கொஞ்சம் நிக்கப்போறன்.

எங்கட ஊரில அமைதி எண்டு ஒண்டு கிடையாது. பனை ஓலை உரசும், அடுத்த வளவில தண்ணி இறைக்கிற மோட்டர் ஓடும், எங்கேயோ ஒரு கோயில் ஸ்பீக்கர் பாடும். காது அதுகளைத் தள்ளிப் போட்டு அமைதி எண்டு சொல்லும், மைக் தள்ளாது. மகன் கதைச்சு முடிஞ்சு அம்மா யோசிக்கிற மூன்று செக்கனுக்கு வசன ட்ராக்கை வெட்டி வெறுமையா விட்டால், அந்த மோட்டரும் ஓலையும் சட்டெண்டு அறுந்து, அம்மா வாய் திறக்கேக்க திரும்பத் தொடங்கும். பார்க்கிறவருக்குக் காரணம் விளங்காது, படம் உடைஞ்சது மட்டும் விளங்கும்.

மருந்து இதுதான். வசனம் எடுத்து முடிச்ச உடன, அதே மைக்கை அதே இடத்தில வைச்சு, எல்லாரையும் அசையாமல் நிக்கச் சொல்லி ஒரு நிமிடம் பதியுங்கோ. லைட்டைக் கழட்ட முதல், ஆக்கள் தேத்தண்ணிக்குப் போக முதல். ஆங்கிலத்தில ரூம் டோன் எண்டுறது இதைத்தான். எடிட்டில இதைக் காட்சி முழுக்க அடியில நீட்டுங்கோ. துண்டுகள் சேர்ற இடத்தில க்ரொஸ்ஃபேட் (ஒண்டு மெல்லக் குறைய மற்றது மெல்லக் கூடுறது) போடுங்கோ. அந்தப் பதிவில ஒரு குயில் தெளிவாக் கூவியிருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுங்கோ. இல்லாட்டில் நிமிடத்துக்கு ஒருக்கா அதே குயில் அதே மாதிரிக் கூவும்.

கோயில் ஸ்பீக்கர் வேற பிரச்சினை. மோட்டர் ஒரே சீரா ஓடும், பாட்டு அப்படியில்லை. வசனத்துக்குப் பின்னால பாட்டுப் பதிஞ்சால் ஒவ்வொரு வெட்டிலும் அது குதிக்கும். திருவிழாக் காலத்தில படப்பிடிப்பு வைக்க முதல் கலண்டரைப் பாருங்கோ. நல்லூர் மட்டும் 25 நாள்.

வீட்டுக்குள்ள எடுக்கிறதெண்டால் ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிப்பாட்டுங்கோ. ஃப்ரிட்ஜை நிப்பாட்டினால் மோட்டச்சைக்கிள் திறப்பை அதுக்குள்ள வையுங்கோ. திரும்பப் போடாமல் வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. ஒலிப்பதிவாளர்களின்ர பழைய தந்திரம் இது.

படி 3: கை, கால், வாளி

1920களின்ர கடைசியில படங்கள் பேசத் தொடங்கேக்க, யூனிவர்சல் ஸ்டூடியோவில ஜாக் ஃபோலி எண்டவர் திரையைப் பார்த்துக்கொண்டே காலடி, உடுப்புச் சத்தங்களைச் செய்து பதிஞ்சார். அவற்ற பெயரிலதான் இந்த வேலையை இண்டைக்கும் ஃபோலி எண்டு சொல்லுறது.

ஒரு தட்டத்தில முற்றத்து மண்ணைப் பரப்பி, செருப்பைக் கையில போட்டு, மகன் நடக்கிற தாளத்தில அமத்துங்கோ. கப்பியையும் வாளி தண்ணியில விழுற சத்தத்தையும், ஆக்கள் இல்லாத விடியப்புறம், கிணத்துக் கட்டில மைக்கை வைச்சுத் தனியாப் பதியுங்கோ. சண்டைக் காட்சி எடுக்கிற தம்பிமாருக்கு: எலும்பு முறியிறதுக்குப் பச்சை முருங்கைக்காய். நெருப்புக்குக் காய்ஞ்ச ஓலையை மைக்குக்குக் கிட்டக் கசக்குங்கோ. குதிரை வேணுமெண்டால் சிரட்டை.

எல்லாக் காலடியையும் போடத் தேவையில்லை. காட்சியில ஆற்ற மனநிலை முக்கியமோ, அவரின்ர சத்தத்தை மட்டும் கிட்டக் கொண்டு வாங்கோ. விசா எண்ட சொல் வந்தவுடன, நீங்கள் பிறகு சேர்த்த கப்பிச் சத்தம் நிக்குது பாருங்கோ, அந்த நிப்புக்கு முந்திக் கப்பி நல்லாக் கேட்டிருக்க வேணும்.

படி 4: கதைக்கு உள்ளே, கதைக்கு வெளியே

பாத்திரங்களுக்கும் கேக்கிற சத்தம் கதைக்கு உள்ளே. ரேடியோ, பாண் ஓட்டோ, மணி. எங்களுக்கு மட்டும் கேக்கிறது வெளியே. பின்னணி இசை, கதைசொல்லியின்ர குரல். பாட்டு ஒண்டை அடுத்த வீட்டு ரேடியோவில இருந்து வாற மாதிரிக் காட்ட, ஈக்யூவில (சத்தத்தின்ர கீழ், மேல் சுருதிகளைக் கூட்டிக் குறைக்கிற கருவி) 300 ஹேர்ட்ஸுக்குக் கீழயும் 4000க்கு மேலயும் வெட்டி, கொஞ்சம் எதிரொலி சேருங்கோ. பிறகு மகன் படலையைத் தாண்டிப் போகேக்க அந்த வெட்டை மெல்ல எடுத்துவிட்டால், ரேடியோப் பாட்டே பின்னணி இசையா விரியும். காசு செலவில்லாத வித்தை.

படி 5: இசை, கடைசியா

முதல் நாலு படியும் முடியாமல் இசையைத் தொடாதேங்கோ. இசை இல்லாமல் காட்சி நிக்குதோ எண்டு முதல் பாருங்கோ, நிண்டால் விட்டிடுங்கோ. ட்ரோன் ஷொட்டுக்குப் புல்லாங்குழல், அழுகைக்கு வயலின் எண்ட பழக்கத்தை ஆர் எங்களுக்குப் பழக்கினதோ தெரியாது. டிவி நாடகத்தில ஒவ்வொரு முகத்துக்கும் ‘டும்’ எண்டு அடிக்கிறதுக்கு ஒரு நியாயம் இருக்கு: ஆக்கள் குசினியில நிண்டுகொண்டு கேக்கினம், திரும்பிப் பார்க்க வைக்க வேணும். குறும்படத்துக்கு அந்தத் தேவை இல்லை.

முடிச்ச பிறகு ஹெட்போனில ஒருக்கா, போன் ஸ்பீக்கரில ஒருக்கா கேளுங்கோ. போனில வசனம் விளங்காட்டி இசையைக் குறையுங்கோ. யூடியூப்புக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்கிற மொத்தச் சத்தத்தின்ர அளவு) அளவில விட்டால் சரி. ஐரோப்பியத் தொலைக்காட்சி நியமம் மைனஸ் 23, அதைப் பார்த்துக் குழம்பாதேங்கோ.

பிற்சேர்க்கை: தனியாப் பதிஞ்ச வசனம் தொடக்கத்தில உதட்டோட பொருந்தி, நீளமான ஷொட்டில போகப்போக விலகுது எண்டு சிலர் எழுதியிருந்தீங்கள். போன் கமரா ஃப்ரேம் வேகத்தை (ஒரு செக்கனுக்கு எத்தனை படம் எண்டதை) இடையில மாத்திறது ஒரு காரணம், இரண்டு கருவியின்ர கடிகாரமும் சரியா ஒத்துப் போகாதது மற்றது. எடிட்டுக்குக் கொண்டு போக முதல் ஹாண்ட்பிரேக் எண்ட இலவச சொஃப்ட்வெயாரில வீடியோவை நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்துங்கோ. படத்தையும் சத்தத்தையும் பொருத்திப் பார்க்க, ஷொட்டின்ர தொடக்கத்தில மட்டுமில்லாமல் முடிவிலயும் ஒரு கைதட்டு வையுங்கோ. இரண்டு தட்டும் பொருந்தாட்டி, நடுவில ஒருத்தரும் கதைக்காத இடத்தில வசன ட்ராக்கை வெட்டி நகர்த்தி, இடைவெளியை ரூம் டோனால நிரப்புங்கோ.