முதல் கணினி: மதர்போர்டிலும் கிராஃபிக்ஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தி மகன் தன் முதல் கணினிக்கான பாகங்களைத் தானே பார்த்து வாங்கி, தானே அசெம்பிள் செய்தான். பட்டனை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. போர்டுதான் பழுது என்று நினைத்து, அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டான். கிளம்பும் முன் எல்லாப் பெட்டிகளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழுது எதிலும் இல்லை. ப்ராசஸர் பெட்டியில் ஐ3-12100எஃப் என்று இருந்தது. "கிராஃபிக்ஸ் கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டேன் அண்ணா, போர்டுலதான் எச்டிஎம்ஐ இருக்கே" என்றான்.

முதல் முறை கணினி சேர்ப்பவர்கள் செய்யும் பல தவறுகளுக்கு வேர் இதுதான். போர்டை ஒரு நாள் முடிவு செய்கிறோம், கிராஃபிக்ஸை இன்னொரு நாள் யோசிக்கலாம் என்று விடுகிறோம். ப்ராசஸர், போர்டு, கிராஃபிக்ஸ் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்தபிறகுதான் எதற்கும் காசு கொடுக்க வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தப்பாக வாங்கியதை மாற்ற நம்மிடம் பணம் மிச்சம் இருக்காது.

போர்டில் எச்டிஎம்ஐ இருந்தால் படம் வரும் என்று நம்புவது

ஒரு காலத்தில் கிராஃபிக்ஸ் உண்மையாகவே போர்டில்தான் இருந்தது. 'ஆன்போர்டு கிராஃபிக்ஸ்' என்ற பேச்சு அப்போது வந்தது. 2010, 2011 வாக்கில் இன்டெல் அதை ப்ராசஸருக்குள் கொண்டுபோய்விட்டது, ஏஎம்டியும் அதே வழியில் போனது. பேச்சு மட்டும் மாறவில்லை. இன்றைய போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ வெறும் வாசல். படத்தை உருவாக்கும் வேலை ப்ராசஸருக்குள் நடக்க வேண்டும்.

அங்கே அது இருக்கிறதா என்பதைப் பெயரின் கடைசி எழுத்து சொல்லிவிடும். இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. 12400-இல் உண்டு, 12400எஃப்-இல் இல்லை. ஏஎம்டி-யின் ரைசன் ப்ராசஸர்களில், அவை உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால், கணக்கு தலைகீழ்: ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. 5600ஜி-யில் இருக்கிறது, 5600-இலும் 5600எக்ஸ்-இலும் இல்லை. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 வந்தபிறகு 7600 போன்றவற்றிலும் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் வைத்துவிட்டார்கள், 7500எஃப், 8400எஃப் போன்றவை விதிவிலக்கு. அந்தச் சின்ன கிராஃபிக்ஸை நம்பி விளையாட உட்காரக் கூடாது. அதில் 2 கிராஃபிக்ஸ் கோர்கள்தான் உள்ளன. 8600ஜி-யில் 8 இருக்கின்றன. முதலாவது வீடியோ பார்க்க, எழுத, படிக்கப் போதும். இரண்டாவதில் கார்டு இல்லாமலேயே பல விளையாட்டுகளைக் குறைந்த செட்டிங்கில் ஆடலாம்.

எஃப் வாங்குவது தவறே இல்லை, அதே நாளில் கார்டும் வாங்குவதாக இருந்தால். கார்டு அப்புறம் என்றால் எஃப் வேண்டாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது நான் எப்போதும் எஃப் இல்லாததைத்தான் சொல்வேன். என்றைக்காவது கார்டு பழுதானால் கணினி முடங்கிப் போகாது, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும் அதுவே உதவும்.

'சும்மா ஒரு கார்டு' போட்டு வைப்பது

வீட்டு வேலைக்குத்தான் கணினி, ஆனாலும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் வேகமாக இருக்கும் என்று நினைத்து ஜிடி 710 போன்ற ஒன்றை வாங்குகிறார்கள். அது 2012-இல் அறிமுகமான கெப்ளர் வடிவமைப்பு. இன்டெல் 12ஆம் தலைமுறை ப்ராசஸரின் உள்ளேயே இருக்கும் யுஎச்டி 730 அதைவிட வேகமானது, 5600ஜி-யின் வேகா கிராஃபிக்ஸ் பல மடங்கு மேல். இன்னொன்றும் இருக்கிறது: இணைய வீடியோக்களில் இன்று பரவலாக இருக்கும் விபி9, ஏவி1 வடிவங்களை அந்தப் பழைய கார்டால் தானாகப் பிரித்துக் காட்ட முடியாது, அந்தச் சுமையை ப்ராசஸரே சுமக்க வேண்டியிருக்கும். யுஎச்டி 730 இரண்டையும் எளிதாகச் செய்யும். காசு கொடுத்து ஒரு படி கீழே இறங்குகிற வேலை இது. அந்தக் காசில் ரேமைக் கூட்டுங்கள்.

ரேமை ஒற்றை ஸ்டிக்காக வாங்குவது

கார்டு இல்லாமல் ஓட்டப் போகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தனி கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது, உங்கள் ரேமில்தான் பங்கு கேட்கும். ஆகவே அதன் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டுண்டது.

டிடிஆர்4-3200 ரேம் (டிடிஆர்4 என்பது வகை, 3200 என்பது வேகம்) ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவைத்தான் அனுப்ப முடியும். ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 51.2 ஜிபி. ஒரு 16 ஜிபி ஸ்டிக்குக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி ஸ்டிக் வாங்கினால், ஏறக்குறைய அதே செலவில், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு இரு மடங்கு பாதை கிடைக்கிறது. விளையாட்டில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'இப்போது ஒன்று போடுகிறேன், பிறகு இன்னொன்று' என்பது 5600ஜி, 8600ஜி மாதிரி ப்ராசஸர்களை வாங்கியவர்களுக்குப் பெரிய நஷ்டம்.

போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டைப் போடாதீர்கள். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் 2ஆவதும் 4ஆவதும் சரியான இடங்கள், கையேட்டிலும் இது இருக்கும். போட்ட பிறகு பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போய், ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை, ஏஎம்5 போர்டில் எக்ஸ்போ-வை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று அச்சிட்ட ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். எச்610 மாதிரி அடிமட்ட இன்டெல் போர்டில் டிடிஆர்4 ரேம் 3200-க்கு மேல் போகாது, அங்கே 3600 ரேமுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றின் ஸ்லாட்டில் ஒன்று நுழையாது. ஏஎம்4-க்கு டிடிஆர்4, ஏஎம்5-க்கு டிடிஆர்5 என்று தெளிவாக இருக்கிறது. குழப்பம் இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில்தான். அங்கே ஒரே சிப்செட்டில் (எச்610 போல, போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) இரண்டு வகைப் போர்டுகளும் வருகின்றன. போர்டின் முழுப் பெயரிலும் விவரக் குறிப்பிலும் டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பாருங்கள்.

கார்டுக்குப் போர்டு தரும் பாதையைப் பார்க்காமல் விடுவது

போர்டையும் கார்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். கார்டு செருகும் நீள ஸ்லாட் எல்லாப் போர்டிலும் ஒன்று போலத்தான் இருக்கும். அதன் பின்னால் தரவு போகும் பாதைகள் எத்தனை, பிசிஐஇ என்ற அந்த இணைப்பு எந்தத் தலைமுறை என்பது மாறும்.

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க 16 பாதை கார்டு போலத் தெரியும், உண்மையில் 4 பாதைகளைத்தான் பயன்படுத்தும். பிசிஐஇ 4.0 போர்டில் அந்த நான்கும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். 3.0 போர்டில் அது 4 ஜிபி-யாகச் சுருங்கிவிடும். கார்டில் நினைவகம் 4 ஜிபி மட்டுமே. அது நிரம்பியதும் தரவு ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலைய ஆரம்பிக்கும், அந்த இடத்தில் பாதை குறுகலாக இருந்தால் விளையாட்டு திக்கித் திக்கி நகரும். இதே கார்டைப் பழைய போர்டுக்கு மலிவான மேம்பாடாக வாங்கியவர்கள் பலர், ஆனால் பழைய போர்டில்தான் அது மிக மோசமாக ஓடும்.

புதிய கணினியிலும் இந்த வலை உண்டு. ஏஎம்4-க்கான ஏ520 போர்டு, பி450 போர்டு இரண்டிலும் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0தான். பி550 போர்டு 4.0 தரும். ஆனால் அதில் 5600ஜி-யையோ 5500-ஐயோ போட்டால் மறுபடியும் 3.0, ஏனென்றால் அந்த ப்ராசஸர்களே அவ்வளவுதான். பின்னாளில் கார்டு போடும் திட்டம் இருந்தால் இதை இப்போதே பாருங்கள். ஏஎம்5-இல் 8500ஜி கார்டுக்கு 4 பாதைகளைத்தான் விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சில போர்டுகளில் கீழே இரண்டாவதாக ஒரு நீள ஸ்லாட் இருக்கும். பெரும்பாலும் அதன் உள்ளே 4 பாதைகள்தான். காற்று நன்றாக வரும் என்று கார்டை அங்கே போடாதீர்கள், ப்ராசஸருக்கு அருகில் இருக்கும் மேல் ஸ்லாட்டே கார்டுக்கான இடம்.

இன்டெலின் ஆர்க் கார்டுகளுக்கு வேறொரு நிபந்தனை: போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் அணுக விடுவது) இருந்து, அது பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் வெகுவாகக் குறையும்.

ஒரே பெயர், வேறு கார்டு

ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன. 2017-இல் வந்ததில் ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி வேகம். அடுத்த ஆண்டு வந்ததில் டிடிஆர்4, வேகம் 16.8 ஜிபி. இரண்டிலும் 2 ஜிபி நினைவகம், பெட்டியிலும் ஒரே பெயர். ஆர்டிஎக்ஸ் 3050-யும் அப்படியே: 8 ஜிபி கார்டுக்கும் 2024-இல் வந்த 6 ஜிபி கார்டுக்கும் நினைவகம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கோர்களே வேறு, 2560-க்குப் பதில் 2304.

ஆகவே 'எத்தனை ஜிபி கார்டு' என்ற கேள்வி போதாது. 4 ஜிபி என்று எழுதிய ஜிடி 730-யும் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650-யும் ஒரே உயரத்தில் நிற்கிற கார்டுகளே அல்ல. நினைவகத்தின் வகை, அது தரவு கடத்தும் பாதையின் அகலம், எந்த ஆண்டு வந்த சிப் என்று மூன்றையும் பாருங்கள்.

பயன்படுத்திய கார்டு வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ-யின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டும் போலிகள் நிறையச் சுற்றின. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்ட பலவற்றைப் போலி என்றே காட்டிக் கொடுத்துவிடும். அதைத் திறந்து காட்டச் சொன்ன பிறகு பணம் கொடுங்கள்.

சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

போதாது. 2015-இல் வந்த இன்டெல் 6ஆம் தலைமுறைக்கும் 2017-இல் வந்த 8ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151 என்று ஒரே சாக்கெட் பெயர்தான். ஆனால் 8ஆம் தலைமுறை ப்ராசஸர் 6ஆம் தலைமுறைப் போர்டில் ஓடாது. ஏஎம்4-இல் நிலைமை கொஞ்சம் மென்மையானது. 2018-இன் பி450 போர்டில் 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 ஓடும், பயாஸைப் புதுப்பித்திருந்தால். கிடங்கில் நாட்பட்டு இருந்த போர்டு என்றால் முதல் நாளே திரை வராது. விற்பவரிடம் பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது ப்ராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து புதுப்பிக்கும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி உள்ள போர்டாகப் பாருங்கள். போர்டு நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஆதரிக்கும் ப்ராசஸர்களின் பட்டியல் இருக்கும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்றும் எழுதியிருக்கும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது எச்61 போர்டு விற்பனை. 2011-இன் சிப்செட்டைப் புதுப் பெட்டியில் போட்டு, 'ஐ7 கணினி' என்று சேர்த்து விற்கிறார்கள். அந்த ஐ7 2ஆம் அல்லது 3ஆம் தலைமுறை, ரேம் டிடிஆர்3. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிப்பது இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து, சேமித்த பணத்தையெல்லாம் ஒரு மாணவர் இதில் போட்டுவிடக் கூடாது. இன்றைய ஐ3 எந்த வேலையிலும் அதைத் தாண்டிப் போய்விடும்.

பவர் சப்ளை, அளவு

போர்டின் ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் வரை தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் வர வேண்டும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ஒரு 8 பின் இணைப்பு. உங்கள் பவர் சப்ளையில் அந்தக் கேபிள் இல்லையென்றால், பழைய மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றித் தரும் அடாப்டரைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், சூடாகி உருகும் அபாயம் உண்டு. ப்ராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்று போல இருக்கும், உள்ளே மின் இணைப்பு நேர்மாறு. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம், முதல் கணினிக்கு அதுவே போதும். கார்டின் நீளத்தையும் கேபினட் தாங்கும் நீளத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சித்தி மகன் கடைசியில் ப்ராசஸரை எஃப் இல்லாத 12100 ஆக மாற்றிக்கொண்டான். எட்டு மாதம் கழித்து ஒரு கார்டும் வாங்கிப் பூட்டினான். பூட்டிய அன்று மாலை மறுபடியும் அழைத்தான்: கார்டு போட்டும் விளையாட்டில் துளியும் வித்தியாசம் இல்லையாம். திரையின் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று கேட்டேன். பழைய இடத்திலேயே, போர்டின் எச்டிஎம்ஐ-யில் இருந்தது. அதைப் பிடுங்கிக் கீழே கார்டில் இருக்கும் துளையில் செருகச் சொன்னேன்.