பரோட்டாக் கடையைத் தாண்டி வீடு சேர்வது எப்படி: எடை குறைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

காவிரி டெல்டாவில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சாயங்காலம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாலு மணிக்கு டீக்கடை வாசலில் பஜ்ஜிச் சட்டி ஏறும். ஆறரைக்குள் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பரோட்டாக் கல் காய்ந்துவிடும். கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம் அடுத்த தெருவரை கேட்கும். போதாததற்கு இப்போது ஃப்ரைட் ரைஸ் தள்ளுவண்டி, ஷவர்மா, பொரித்த சிக்கன். எடை குறைக்க வேண்டும் என்று காலையிலும் மதியமும் கட்டுப்பாடாக இருப்பவர்களில் நிறைய பேர், வேலை முடிந்து திரும்பும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் எல்லோரும் சொல்வது, "எனக்கு மன உறுதி பத்தாதுங்க." இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏழு மணி நேரமாகச் சரியாகச் சாப்பிடாத ஒருவரைச் சூடான கல்லின் முன்னால் நிறுத்திவிட்டு மன உறுதியைச் சோதிப்பது நியாயமே இல்லை. ஏழரை மணிக்குச் சாப்பிடுவோமா வேண்டாமா என்பது நாலரை மணிக்கே வயிற்றில் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தைச் சரிசெய்யத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

சின்ன நோட்டு போதும், கைப்பேசியிலும் குறிக்கலாம். கடைச் சாப்பாட்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் நாலே விஷயம்: மணி என்ன, எந்த இடம், கூட யார், அதற்கு முன் கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள். கலோரிக் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம்.

வாரக் கடைசியில் படித்துப் பாருங்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, நாலு மணிக்கு வெறும் டீ, ஏழே காலுக்குப் பரோட்டா என்று இருந்தால் உங்கள் சிக்கல் பசி. பசியே இல்லாமல் ஒரே கடையில்தான் ஒவ்வொரு முறையும் வண்டி நிற்கிறது என்றால் சிக்கல் வழியில். நண்பர்கள் கூட இருக்கும்போது மட்டும் என்றால் சிக்கல் சேர்க்கையில். ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கொண்டே ஆர்டர் போடுகிறவர்களுக்குக் கையில் இருக்கும் ஃபோன்தான் காரணம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் பசிதான் முக்கால்வாசிப் பேருக்கு முதல் காரணம் என்பது என் கருத்து, அதனால் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

படி 2: காலையையும் மதியத்தையும் பட்டினி போடாதீர்கள்

எடை குறைக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகக் காலை டிபனை நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்தப் பசி எங்கும் போகாது, சாயங்காலம் வட்டியோடு வரும். மூன்று இட்லியோ இரண்டு தோசையோ, சாம்பார் நிறைய ஊற்றிச் சாப்பிடுங்கள். கூட ஒரு முட்டை இருந்தால் இன்னும் நல்லது.

மதியம் நம் வழக்கம் குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று சுற்று. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கூட்டு. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். இலையில் முதலில் பொரியலும் கூட்டும் பாதி இடத்தை அடைக்கட்டும்: வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கீரை, எது மலிவோ அது. அடுத்து பருப்பு, மீன், முட்டை இவற்றில் ஒன்று. மிச்ச இடத்தில் சோறு. அரிசியை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. நெல் விளையும் ஊரில் அது நடக்காத காரியம், தேவையும் இல்லை. நார்ச்சத்தும் புரதமும் கூடினால் பசி திரும்ப வர நேரமாகும், அவ்வளவுதான் கணக்கு.

படி 3: நாலரை மணிக்குச் சுண்டல்

இந்த முழுச் செய்முறையிலும் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சம்பா அறுவடைக்கு வாரம் பத்து நாள் முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போது பச்சைப் பயறும் உளுந்தும் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். அப்படி வீட்டுக்கு வருகிற பயறு பல வீடுகளில் டப்பாவிலேயே கிடக்கிறது. அதை எடுங்கள்.

ஓர் ஆளுக்கு 50 கிராம், அதாவது நிறைந்த ஒரு கை. ராத்திரி படுக்கும் முன் கழுவி ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, பயறு மூழ்கும் அளவுக்கு வேறு தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு குக்கரில் ஒரு விசில். கூடுதலாக விட்டால் குழைந்து பருப்பாகிவிடும், ருசிக்காது. வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். வெந்த பயறைக் கொட்டிப் புரட்டி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு டிபன் பாக்ஸில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் சாயங்காலத்துக்குள் நூல் விட்டுவிடும். வெயில் காலத்தில் தேங்காயை விட்டுவிடுவது நல்லது. கொண்டைக்கடலை என்றால் ஊறுவதற்கு எட்டு மணி நேரம், நாலைந்து விசில்.

50 கிராம் பச்சைப் பயறில் ஏறக்குறைய 170 கலோரி, 11 கிராம் புரதம். தாளிப்பும் தேங்காயும் சேர்ந்தாலும் ஏறக்குறைய 230தான் வரும். பரோட்டா அளவைப் பொறுத்து ஒன்றே 250, 300 கலோரி வரும், அதில் நார்ச்சத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மைதாவில் தவிடு நீக்கப்பட்டுவிடுகிறது, மேலே எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் எண்ணெயில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி. பரோட்டா மாஸ்டர் மாவைப் பிசையும்போதும் வீசும்போதும் கல்லில் போடும்போதும் எத்தனை கரண்டி ஊற்றுகிறார் என்று ஒரு நாள் நின்று பார்த்தாலே புரியும். இரண்டு பரோட்டா சால்னாவோடு உள்ளே போனபின் "நடந்து கரைத்துவிடலாம்" என்பதும் எளிதல்ல. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் ஒரு பரோட்டா அளவுதான் செலவாகும்.

சுண்டல் முடியாத நாளில் வேகவைத்த முட்டை இரண்டு, அல்லது ஒரு கொய்யாவும் ஒரு கை வறுத்த கொண்டைக்கடலையும், அல்லது அவித்த நிலக்கடலை ஒரு கை. பேருந்து ஓட்டுகிறவர்கள், கடையில் நின்று வேலை பார்க்கிறவர்கள் வறுகடலைப் பொட்டலத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பிஸ்கட் இந்தக் கணக்கில் வராது. அதுவும் மைதாவும் சர்க்கரையும்தான், அரை மணியில் மறுபடி பசிக்கும். டீயோ காபியோ தாராளமாகக் குடியுங்கள், கும்பகோணத்துக்காரர்களிடம் டிகிரி காபியை விடச் சொல்வது பாவம். சர்க்கரையை மட்டும் பாதியாக்குங்கள். முதல் வாரம் சப்பென்று இருக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

பசி வந்தபிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். நாலரை என்றால் நாலரை.

படி 4: வழியை மாற்றுங்கள்

வயிறு நிறைந்திருந்தாலும் மணம் இழுக்கும். அதனால் கடைக்கு முன்னால் போகாமல் இருப்பதே மேல். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலை வழியாக வீட்டுக்குப் போகிறவர் ஒரு தெரு உள்ளே தள்ளிப் போகலாம். மயிலாடுதுறையில் மணிக்கூண்டைச் சுற்றித்தான் உங்கள் கடை என்றால் வேறு பக்கம் இறங்கி நடக்கலாம். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அது நடைக்கணக்கில் சேரட்டும். வேறு வழியே இல்லாத ஊர் என்றால் கடை முன்னால் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப் போய்விடுங்கள்.

ஃபோனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். ஸ்விக்கி, சொமேட்டோ அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். சேமித்து வைத்த கார்டு விவரத்தையும் நீக்குங்கள். முடிந்தால் செயலியையே எடுத்துவிடுங்கள். ஆர்டர் போடச் சிரமம் கூடக் கூட, ஆசை தணிய நேரம் கிடைக்கும். அப்படியும் கை துறுதுறுத்தால் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் வேறு வேலையில் இறங்குங்கள். பெரும்பாலும் அதற்குள் வேகம் குறைந்துவிடும்.

படி 5: கூப்பிடுகிறவர்களுக்குப் பதிலைத் தயாராக வையுங்கள்

"வாடா மாப்ளே, ஆளுக்கு ரெண்டு போட்டுட்டுப் போவோம்" என்று நண்பன் தோளில் கை போடும்போது யோசித்துப் பதில் சொல்ல முடியாது. வாக்கியம் முன்பே வாயில் இருக்க வேண்டும்: "இப்பதான் சாப்ட்டேன் மாப்ளே, எனக்கு ஒரு டீ மட்டும் சொல்லு." நாலரைக்குச் சுண்டல் தின்றிருந்தால் இது பொய்யும் இல்லை. டயட், எடை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மேசையில் இருக்கிற நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், கடைசியில் "ஒரு நாள்தானே" என்று முடியும். விளக்கம் வேண்டாம். நட்பு போகாது, டீயோடு உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டில்தான் இது கடினம். அப்பா அன்போடு பார்சல் வாங்கி வருவார். வாழை இலையில் கட்டிய பரோட்டாவின் வாசனை வீடு முழுக்க நிற்கும். அந்த நேரத்தில் மறுத்தால் மனம் புண்படும். அதனால் வேறொரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து சொல்லுங்கள்: "அப்பா, எனக்கு வாங்க வேண்டாம், வாங்கினா ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்குங்க." நாள் குறித்துக் கேட்டால் அவர்களுக்கும் வாங்கிக் கொடுத்த நிறைவு இருக்கும். அம்மாவிடம், "எனக்குன்னு எடுத்து வைக்காதீங்கம்மா" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

படி 6: வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள், முறையாக

அடியோடு விலக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாரத்தில் ஒரு வேளையைக் குறித்து வைத்துச் சாப்பிடுவது நீடிக்கும். அன்றைக்கும் சுண்டல் உண்டு. பசியோடு போய் உட்காரக் கூடாது.

இரண்டு பரோட்டாவுக்குப் பதில் ஒன்றும் ஒரு ஆம்லெட்டும் சொல்லுங்கள். சால்னாவைத் தட்டில் ஊற்ற விடாமல், "அண்ணே, சால்னா தனியா கிண்ணத்துல குடுங்க" என்று கேட்டால் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டுத் தொட்டுக்கொள்ளலாம். கொத்துப் பரோட்டாவில் தட்டும்போது மறுபடி எண்ணெயும் சால்னாவும் சேரும், அதை இருவராகப் பகிருங்கள். பொரித்த சிக்கனுக்குப் பதில் சுட்டது. குளிர்பானம் வேண்டாம், தண்ணீர் போதும். பல கடைகளில் அதே நேரத்தில் இட்லியும் கிடைக்கும். கும்பகோணத்தில் இருந்தால் இட்லிக்குக் கடப்பா கேட்டுப் பாருங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்போடு மூன்று இட்லி சாப்பிட்டால் வெளியே சாப்பிட்ட திருப்தியும் இருக்கும், எண்ணெயும் குறைவு.

திருவையாறு போனால் அசோகா அல்வா ஒரு கரண்டி சாப்பிடுவதில் தப்பே இல்லை. அதைக் கால் கிலோ பார்சல் கட்டி வீட்டில் வைப்பதுதான் வேலையைக் கெடுக்கும்.

படி 7: தவறிவிட்டால்

தவறும். "இன்னைக்குப் போச்சு, நாளையிலேர்ந்து பாத்துக்கலாம்" என்று சொல்லி அதற்குமேல் ஒரு ஐஸ்கிரீமும் வாங்குவதுதான் இதில் பெரிய இழப்பு. ஒரு வேளை பரோட்டா ஒரு வாரத்து முயற்சியை அழித்துவிடாது. அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். ஈடு கட்டுவதற்காகப் பட்டினி கிடந்தால் அடுத்த சாயங்காலமும் அதே கடை வாசலில் நிற்பீர்கள். நோட்டில் அந்த நாலு விஷயத்தை எழுதுங்கள்: அன்று நாலரைக்கு என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். முந்தின நாள் தூக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிய மறுநாள் பசி கூடும், எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் கேட்கும். ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

எடை பார்ப்பது

வாரம் ஒருமுறை, ஒரே நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே எடைக் கருவியில். கடைச் சாப்பாட்டின் மறுநாள் பார்க்காதீர்கள்; அதிலிருக்கும் உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், முள் ஏறியிருக்கும், அது கொழுப்பு அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. கடைச் சாப்பாடும் ஊறுகாயும் சேர்ந்தால் அதைத் தாண்டுவது சுலபம். வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள்: நம் மக்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. சில வாரங்களில் எடை அசையாமல் இருக்கும்போது டேப் குறைவைக் காட்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாப்பாட்டு அளவையும் நேரத்தையும் மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயறும் பருப்பும் எவ்வளவு என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்து அளவில்லாமல் சாப்பிடுவதும், பிறகு வாந்தி எடுப்பதும் நடக்கிறது என்றால், அதற்கு இந்தப் படிகள் போதாது. தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.