பனிமலை ஏறப் போகிறீர்களா, இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருந்து பெங்களூரு போய் விமானம் பிடித்து, உத்தரகாண்டில் கேதார்கண்டா ஏறிவிட்டு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. என் அக்கா மகனும் இந்தப் பொங்கல் லீவுக்குக் கிளம்புகிறான். பையில் தெர்மல் துணி, பவர்பேங்க், அக்கா கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை எல்லாம் இருக்கிறது. பனிச்சரிவு வந்தால் என்னடா செய்வாய் என்று கேட்டேன். "சத்தம் போடாம நடந்தா போதும் மாமா" என்றான்.

முதல் தவறே அதுதான். கத்துவதால் பனி சரியாது. சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலானோர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய எடை, இல்லையென்றால் கூட வந்தவருடைய எடை.

அவனுக்கு வீட்டிலேயே காட்டினேன். முறத்தில் கேழ்வரகைப் பரப்பி, மேலே ஒரு அட்டையை வைத்து, முறத்தை மெல்லச் சாய்த்தேன். கொஞ்ச நேரம் அட்டை அசையவே இல்லை. விரலால் ஒரு தட்டு தட்டியதும் மொத்தமாக வழுக்கி இறங்கியது. பனியும் இப்படித்தான், அடுக்கடுக்காகப் படிகிறது. சீசன் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி கடுங்குளிரில் நாள்பட நாள்பட ஒன்றோடொன்று ஒட்டாத சீனி மாதிரி ஆகிவிடும், அதன் மேல் புதுப்பனி விழுந்து காற்றில் இறுகிப் பலகையாகும், அந்தப் பலகை மேல்தான் நாம் கால் வைக்கிறோம். நடக்கும்போது காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் கோடு ஓடினாலோ, அடியில் இருக்கும் அடுக்கு உடைகிறது என்று அர்த்தம். வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

அப்புறம், வானம் வெளுத்துவிட்டது, இனிப் பயமில்லை என்ற நினைப்பு. பனி கொட்டி முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் அதிக ஆபத்து, ஆனால் போட்டோவுக்கு அருமையான வெயிலும் அன்றைக்குத்தான் அடிக்கும். முன்னால் போனவர்களின் கால்தடம் இருக்கிறதே என்றும் நம்பாதீர்கள். பத்துப் பேர் தாண்டிய சரிவு பதினோராவது ஆளுக்கு உடைந்திருக்கிறது.

வத்தல்மலை, தீர்த்தமலை ஏறிய பழக்கத்தில் நாம் செங்குத்தைப் பார்த்தால்தான் பயப்படுவோம். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில் நடக்கிறது, ஏறலாம் போலத் தோன்றுகிற சரிவுதான் அது. போனில் இருக்கும் லெவல் ஆப்பிலேயே அளந்துவிடலாம். நீங்கள் நிற்கும் இடம் சமதளம் என்றாலும் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் சரிவு வந்து சுற்றுலா வந்தவர்கள் 7 பேர் இறந்தார்கள். அனுமதி 13வது மைல் வரைதான், சம்பவம் நடந்தது 15வது மைல் பக்கம். அந்த மாதிரி இடத்தில் கூட்டமாக நின்று செல்பி எடுக்காதீர்கள், ஒவ்வொருவராகத் தாண்டுங்கள், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனியில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேரில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்தக் கதி.

எச்சரிக்கை நிலையையும் தப்பாகப் படிக்கிறார்கள். டி.ஆர்.டி.ஓ.வின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலைகளாகச் சொல்வார்கள், ஐந்துதான் உச்சம். ஐந்துக்கு மூன்று என்றால் பாஸ் மார்க் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றிலேயே ஒரு ஆளின் எடைக்குச் சரிவு உடையலாம்.

கடைசியாக, கைடு பார்த்துக்கொள்வார் என்பது. கைடே புதைந்தால்? புதைந்தவரை 15 நிமிஷத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அரை மணி தாண்டினால் ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து மீட்புக்குழு அதற்குள் வராது, கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும். ஆளுக்கொரு பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க சிக்னல் அனுப்பும், மற்றவர்களின் சிக்னலைத் தேடவும் உதவும் சின்னக் கருவி), பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, உலோக மண்வாரி, மூன்றும் வேண்டும், போனைப் பீக்கனுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வாங்கினால் போதாது, பழகவும் வேண்டும்.

தெரிந்தவரிடம் இரண்டு பீக்கன் இரவல் வாங்கி, எங்கள் மாந்தோப்பில் சருகுக்கு அடியில் ஒன்றை ஒளித்துவைத்து மருமகனைத் தேடச் சொன்னேன். முதல் தடவை 19 நிமிஷம் ஆனது. ஒன்றும் பேசாமல் திரும்ப ஒளித்து வைக்கச் சொன்னான். இருட்டுகிற நேரத்துக்கு 6 நிமிஷத்துக்கு வந்திருந்தான்.