ஆடம்ஸ் குடும்பம் போன வழியில் பிள்ளைகளுடன் காரில் போவது எப்படி?

பேய், கல்லறை போன்றவற்றில் மகிழும் விசித்திரமான ஆடம்ஸ் குடும்பத்தைப் பற்றிய 'தி ஆடம்ஸ் ஃபேமிலி 2' என்ற அனிமேஷன் நகைச்சுவைப் படம் 2021 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. மகள் வெட்னஸ்டே சாப்பாட்டு மேசைக்குக்கூட வராமல் ஒதுங்கிப்போவதைக் கண்டு கலங்கும் அப்பா கோமஸ், மூன்று வாரம் எல்லோரும் ஒரே வண்டியில் அமெரிக்காவைச் சுற்றினால் அவள் மீண்டும் தங்களோடு ஒட்டிக்கொள்வாள் என்று நம்பிக் கிளம்புகிறார். அவள் வேறு யாருடைய மகளோ என்று சந்தேகம் கிளப்பும் வழக்கறிஞர் ஒருவர் பின்னாலேயே துரத்துகிறார். நயாகரா, ஸ்லீப்பி ஹாலோ, மயாமி, சான் அன்டோனியோ, கிராண்ட் கேன்யன், டெத் வேலி பாலைவனம், கடைசியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள சாசலிட்டோ என்று அவர்கள் வண்டி நிற்கும் இடங்கள் எல்லாமே வரைபடத்தில் உள்ள உண்மையான இடங்கள். அந்த வழியில் சொந்தக் குடும்பத்துடன் போக விரும்புகிறவர்களுக்காக, குறிப்பாக வளரும் வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்காக, இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் வேலை, படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது. ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். கோமஸ் செய்யும் மிகப் பெரிய தவறு எது என்று கவனியுங்கள்: மகளுக்காகவே போடப்பட்ட பயணத்தில் மகளிடம் எங்கே போகலாம் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படுவதில்லை. என் கருத்தில் இந்தப் பயணத்தின் வெற்றி தோல்வி முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. ஆகவே படம் முடிந்ததும் வரைபடத்தை விரித்து, யார் வர விருப்பமில்லாமல் இருக்கிறாரோ அந்தப் பிள்ளையிடம் முதலில் கொடுங்கள். ஏழு இடங்களில் ஒன்றை அடித்துவிடவும், ஒன்றில் கூடுதலாக ஒரு நாள் தங்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை கொடுங்கள். கொடுத்த பிறகு பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது தூரம். கார்ட்டூன் கலைஞர் சார்லஸ் ஆடம்ஸ் 1912-இல் பிறந்த ஊர் நியூ ஜெர்சியின் வெஸ்ட்ஃபீல்ட். 1938-இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் அவர் வரையத் தொடங்கிய இந்தக் குடும்பத்தை ஊர் இன்றும் கொண்டாடுகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே ஆடம்ஸ் பெயரில் விழா நடக்கும். அங்கிருந்து கிளம்பி, படத்தில் வரும் வரிசையிலேயே போனால், சாசலிட்டோ சேர்வதற்குள் 8,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்பீர்கள். மூன்று வாரத்துக்குப் பங்கிட்டால் ஒரு நாள்கூட விடாமல் தினமும் 400 கிலோமீட்டர். பெரியவர்களால் முடியும், பிள்ளைகளுக்கு அது தண்டனை.

இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. நயாகராவுக்குப் போய்விட்டு ஸ்லீப்பி ஹாலோவுக்குத் திரும்பி வருவதற்குப் பதிலாக, வெஸ்ட்ஃபீல்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஸ்லீப்பி ஹாலோவை முதலில் பார்த்துவிட்டு நயாகரா போனால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மிச்சமாகும். மயாமியை விட்டுவிட்டு நேரே சான் அன்டோனியோவுக்கு இறங்கினால் மேலும் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதாவது குறைந்தது நான்கு நாள் ஓட்டம், குறையும். பிள்ளை எதை அடிப்பது என்று தயங்கினால் மயாமியைச் சுட்டிக்காட்டலாம். மூன்று வாரம் விடுப்பு கிடைக்காதவர்கள் பயணத்தை இரண்டாக வெட்டி, கிழக்குப் பகுதியை ஓர் ஆண்டும், சான் அன்டோனியோவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து மேற்குப் பகுதியை அடுத்த ஆண்டும் முடிப்பது நல்லது.

எப்போது போவது, எதில் போவது

அக்டோபரே சிறந்த மாதம். கோடையில் டெத் வேலியின் பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும். 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் உலகிலேயே மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இன்றும் பதிவில் இருக்கிறது. டிசம்பரில் போனால் நயாகராவில் படகு ஓடாது. அக்டோபரில் படகும் ஓடும், பாலைவனமும் தணியத் தொடங்கியிருக்கும், ஸ்லீப்பி ஹாலோ முழுவதும் ஹாலோவீன் களை கட்டியிருக்கும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் மயாமியில் அறை எடுப்பவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாகப் பார்த்து எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்றால், கோடையில் போனாலும் டெத் வேலியை விடியற்காலையில் கடந்துவிடுங்கள். காலை 10 மணிக்கு மேல் அங்கே நடக்கக் கிளம்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

படத்தில் வரும் பேய் வீடு போன்ற வண்டியைப் பார்த்ததும் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) எடுக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மினிவேனையே எடுங்கள் என்பேன். ஆர்.வி. வாடகைக்கு விடும் பல நிறுவனங்கள் கோடையில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோக அனுமதிப்பதில்லை. ஊர்களுக்குள் நிறுத்த இடம் தேடுவதும் பெரும்பாடு. வண்டியைக் கிழக்கில் எடுத்து மேற்கில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, 25 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினால் அதற்கும் கூடுதலாக வாங்குவார்கள். இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர் யாராவது ஓட்டப்போகிறார் என்றால் இந்திய லைசென்ஸுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் கையில் இருக்கட்டும்.

கடவுச்சீட்டு, விசா ஆவணங்களின் அசல் வண்டியிலேயே இருக்க வேண்டும். மெக்சிகோ எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலைகளில், எல்லையைத் தாண்டாவிட்டாலும், எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. நயாகராவில் இன்னும் கவனம் தேவை. அருவியின் முழு அழகும் கனடா பக்கத்திலிருந்துதான் தெரியும் என்று சொல்லி யாராவது கனடாவுக்குள் போகும் ரெயின்போ பாலத்தைக் காட்டுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் தாத்தா பாட்டிக்குக் கனடா விசா தனியாக வேண்டும், அமெரிக்காவுக்குள் திரும்பி வரும் தகுதி அவர்கள் விசாவுக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டுதான் பாலம் ஏற வேண்டும்.

இடங்களில் என்ன செய்வது

ஸ்லீப்பி ஹாலோவில் அரை நாள் போதும். வாஷிங்டன் இர்விங் 1820-இல் எழுதிய தலையில்லாக் குதிரைவீரன் கதையால் பெயர் பெற்ற அந்த ஊர், அதிகாரபூர்வமாக அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது 1996-இல்தான். அதுவரை அது வடக்கு டாரிடவுன். பழைய டச்சு தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இர்விங்கின் கல்லறையும் இருக்கிறது. மரணத்தையும் கல்லறையையும் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் பிள்ளை உங்களிடம் இருந்தால், இங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

நயாகராவின் அமெரிக்கக் கரையில் 'மெய்ட் ஆஃப் த மிஸ்ட்' படகு 1846 முதல் ஓடுகிறது. நீல நிற மழைக்கோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து ஏற்றுவார்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் உயரமுள்ள குதிரைலாட அருவியின் அடிவாரத்தில் படகு நின்று தடுமாறும்போது எதிரே வெள்ளைச் சுவர் தவிர எதுவும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. செல்போனை உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வார நாளின் முதல் படகைப் பிடித்தால் வரிசை குறைவு.

மயாமி போகிறவர்கள் கடற்கரையில் நாளைச் செலவிடுவதைவிட எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குப் போகலாம். அலிகேட்டர், முதலை ஆகிய இரண்டு இனங்களும் இயற்கையாகச் சேர்ந்து வாழும் இடம் உலகில் அது ஒன்றுதான். மேற்கே போகும் டாமியாமி டிரெயில் என்ற சாலை அதன் ஊடாகவே செல்வதால் வழிமாற வேண்டியதில்லை. ஆடம்ஸ் குடும்பத்தைப் பிடித்த பிள்ளைக்கு மணலைவிட முதலை பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சான் அன்டோனியோவில்தான் படத்தில் சிறுமிகளுக்கான அழகிப் போட்டி நடக்கிறது. விருப்பமில்லாமல் மேடையேற்றப்படும் வெட்னஸ்டே படும் அவமானம் படத்தின் திருப்பங்களில் ஒன்று. பிள்ளையின் தயக்கத்தைப் பொருட்படுத்தாமல் படம் எடுத்து உறவினர் குழுவில் போடும் பழக்கம் உள்ள பெற்றோர் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் 1836-இல் நடந்த டெக்சஸ் விடுதலைப் போரின் அலமோ கோட்டை, ஆற்றங்கரை நடைபாதை, 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பழைய ஸ்பானிய மிஷன் தேவாலயங்கள் ஆகியவை உண்டு. இரண்டு இரவு தங்குங்கள். ஏனென்றால் அடுத்து வருவது மேற்கு டெக்சஸ். எல் பாசோ வரையிலான ஏறத்தாழ 880 கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க்குகள் வெகு தூரம் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. டேங்க் பாதியாகும்போதே நிரப்புவது என்ற விதியை இங்கே தொடங்கி டெத் வேலி தாண்டும் வரை விடாதீர்கள். இந்தத் தூரத்தை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும்.

கிராண்ட் கேன்யனில் தென் விளிம்புக்குப் போங்கள். பூங்காவுக்குள் உள்ள விடுதி அறைகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால் பயணத் தேதியை முடிவு செய்ததும் முதலில் பதிவு செய்ய வேண்டியது இதைத்தான். மற்ற ஊர்களில் அறை எப்படியும் கிடைக்கும். விளிம்பு 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அக்டோபர் இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். அரிசோனா மாநிலம் கோடைகால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் பகுதி பின்பற்றுகிறது. கிழக்கு வாயில் வழியாக வருகிறவர்களின் செல்போன் கடிகாரம் முன்னும் பின்னும் தாவும். முன்பதிவு நேரங்களைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் வெட்னஸ்டே அறிவியல் கண்காட்சிக்குச் சொந்தமாக ஆய்வு செய்யும் பெண். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இங்கே மிகப் பொருத்தமானது 'காலத்தின் பாதை' என்ற விளிம்பு நடைபாதை. யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து பூங்காவுக்குள் உள்ள கிராண்ட் கேன்யன் கிராமத்தை நோக்கிச் செல்லும் அந்தப் பாதையில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போனதாகக் கணக்கு. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த பாறைத் துண்டு, அதன் வயதுக்குரிய இடத்தில் தொட்டுப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மேலேயுள்ள சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி வயது, அடியில் ஆற்றோரம் கிடக்கும் கருத்த பாறைகளுக்கு 170 கோடிக்கும் மேல். வழிகாட்டி வேண்டாம், பிள்ளையை முன்னே விட்டு, நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டு பின்னால் நடங்கள்.

டெத் வேலிக்குள் நுழைவதற்கு முன் ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். செல்போன் சிக்னல் பெரும்பகுதியில் கிடையாது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜி.பி.எஸ். காட்டும் குறுக்குவழியில் மண் சாலைக்குத் திரும்பாதீர்கள், அப்படித் திரும்பி மாட்டிக்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பெருமழைக்குப் பிறகு சாலைகள் வாரக்கணக்கில் மூடப்படுவதால் போகும் காலையில் பூங்கா அறிவிப்பைப் பாருங்கள். பேட்வாட்டர் என்ற உப்புப் படுகையில் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே நிற்பீர்கள். கால்கீழே உப்பு அறுகோணக் கட்டங்களாகப் பொரிந்து கிடக்கும். வண்டி நிறுத்துமிடத்துக்கு மேலே உள்ள மலைச் சுவரை அண்ணாந்து பார்த்தால் வெகு உயரத்தில் 'கடல்மட்டம்' என்று ஒரு சின்னப் பலகை தெரியும். பலகை எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

அங்கிருந்து சாசலிட்டோவுக்கு, பனி விழுந்து டியோகா கணவாய் மூடப்படாமல் இருந்தால் யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாகப் போகலாம். மூடியிருந்தால் பேக்கர்ஸ்ஃபீல்ட் வழி. படம் சாசலிட்டோவில் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உச்சத்தை எட்டுகிறது. உண்மையான சாசலிட்டோவிலும் அதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு 1950-களில் கட்டிய சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைத் தண்ணீரோடு சிறிதாக்கிக் காட்டும் மாதிரி அமைப்பு, ஒன்றரை ஏக்கரில், கடல் ஏற்றவற்றம் உட்பட இயங்கும்படி அமைக்கப்பட்டது; அனுமதி இலவசம். படகு வீடுகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் ஊரில் இங்கே வருகிறவர்கள் குறைவு. திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் போகும்போது கோல்டன் கேட் பாலத்தைத் தெற்கு நோக்கிக் கடப்பீர்கள். அந்தத் திசையில் மட்டும்தான் டோல் உண்டு, ரொக்கம் வாங்க ஆள் கிடையாது. நம்பர் பலகையைப் படம் பிடித்து வாடகை நிறுவனத்துக்குப் பில் போகும், அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் பிடிப்பார்கள். பாலத்தின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நீங்களே கட்டிவிட்டால் டோலோடு முடிந்துவிடும்.